‘நம்பகமான குற்றச்சாட்டு’ என்பதன் பொருள் என்ன?

யாழ்ப்பாணம், செம்மணி சிந்துபாத்தி மயானத்தில் 2025ஆம் ஆண்டின் முற்பகுதியில் கட்டுமான வேலைக்காக மண் தோண்டப்பட்டபோது மனித எலும்புகள் வெளிப்பட்டன. நீதிமன்றக் கட்டளையின் பேரில் அவ்வாண்டு மே மாதம் தொடங்கிய அகழ்வில், செப்டெம்பர் மாதத்திற்குள் 200க்கும் மேற்பட்ட மனித எலும்புத் தொகுதிகள் அடையாளம் காணப்பட்டன. அவற்றுடன் பாடசாலைப் பையும் விளையாட்டுப் பொம்மையும் கிடைத்தன. ஐ.நா. மனித உரிமைகள் உயர்ஸ்தானிகர் வோல்கர் டர்க் ஜூன் 25ஆம் திகதி அவ்விடத்திற்கு நேரில் சென்று பார்வையிட்டார்.

செம்மணி என்ற பெயர் உலகறிய வந்தது அதற்கு 27 ஆண்டுகளுக்கு முன்னராகும். மாணவி கிருஷாந்தி குமாரசுவாமியும் அவரது தாயாரும் சகோதரனும் அயலவர் ஒருவரும் 1996 செப்டெம்பரில் கொல்லப்பட்ட வழக்கில், 1998 ஜூலையில் மரண தண்டனை விதிக்கப்பட்ட இராணுவ லான்ஸ் கோப்ரல் சோமரத்ன ராஜபக்ஷ, குற்றவாளிக் கூண்டில் நின்றவாறே ஒரு கூற்றை வெளியிட்டார். செம்மணிப் பகுதியில் நூற்றுக்கணக்கான சடலங்கள் புதைக்கப்பட்டுள்ளன என்பதே அக்கூற்று. 1999ஆம் ஆண்டில் மேற்கொள்ளப்பட்ட அகழ்வில் 15 எலும்புக்கூடுகளே மீட்கப்பட்டன. நூற்றுக்கணக்கு எங்கே, பதினைந்து எங்கே என்று கேட்டவர்கள் அன்று பலர். கொலையாளி ஒருவனின் வாய்ச்சொல்லை நம்பலாமா என்று கேட்டவர்கள் அதனிலும் பலர்.

இந்த இரண்டாவது கேள்வியை ஆறுதலாக நோக்குதல் வேண்டும். ஒரு மனிதன் நம்பத்தகாதவனாக இருக்கலாம். அவன் சொல்லும் ஒரு செய்தி நம்பத்தக்கதாக இருக்கலாம். புதைத்த இடத்தை அறிந்திருக்கக்கூடியவன் புதைத்தவனேயன்றி வேறு யார்? ஆளையும் கூற்றையும் ஒன்றெனக் கொள்வது நமது பேச்சு வழக்கில் இயல்பாகவே நிகழ்ந்து விடுகிறது. ஆங்கிலத்தில் ‘கிரெடிபிள்’ என்ற ஒரே சொல் சாட்சிக்கும் பொருந்துகிறது, சாட்சியத்துக்கும் பொருந்துகிறது, குற்றச்சாட்டுக்கும் பொருந்துகிறது, ஒரு விசாரணை அமைப்புக்கும் பொருந்துகிறது. நாம் அதனை ‘நம்பகமான’ என்றும் ‘நம்பகரமான’ என்றும் ‘நம்பத்தகுந்த’ என்றும் அந்தந்த நாளின் அவசரத்துக்கேற்ப மொழிபெயர்த்துக்கொண்டு போய்விடுகிறோம். இந்த நாட்டின் கடந்த 15 ஆண்டு கால அரசியலில் இச்சொல்லைப் போல அதிகம் உச்சரிக்கப்பட்டதும் அதிகம் பிழையாக விளங்கிக்கொள்ளப்பட்டதும் வேறொன்று இருக்குமா என்பது ஐயமே.

இலத்தீன் மொழியில் நம்புதலைக் குறிக்கும் வினையிலிருந்து பிறந்தது இச்சொல். நம்பப்படக்கூடியது, நம்புவதற்கு இடமளிப்பது என்பதே அதன் நேர்ப்பொருள். உண்மையென்று ஏற்கப்பட்டு விட்டது என்ற பொருள் அதில் இல்லை. ‘நம்பகமான’ என்ற தமிழ்ச் சொல்லோ வேறொரு வாசனையைக் கொண்டது. நம்பகமான மனிதர், நம்பகமான செய்தி என்று நாம் கூறும்போது, சோதித்துப் பார்த்தாயிற்று, இனி ஐயம் வேண்டாம் என்ற உறுதியே தொனிக்கிறது. அது ஆங்கிலத்தில் ‘ரிலையபிள்’ என்ற சொல்லுக்கே அருகில் நிற்பது. சிங்களத்தில் பயன்படுத்தப்படும் ‘விஷ்வசனீய’ என்ற சொல்லுக்கும் ஏறத்தாழ இதே இயல்பு உண்டு. ஆக, இந்நாட்டின் இரு மொழிகளிலும் அந்தச் சொல் கடல் கடந்து வந்து சேர்ந்தபோது, புறப்பட்ட நிறையைவிடக் கூடுதலான நிறையுடனேயே கரையேறியது.

இதன் விளைவை 2011ஆம் ஆண்டில் கண்டோம். ஐ.நா. செயலாளர் நாயகம் பான் கீ மூன் 2010 ஜூனில் நியமித்த மூவர் கொண்ட நிபுணர் குழுவின் அறிக்கை 2011 ஏப்ரல் 25ஆம் திகதி பகிரங்கப்படுத்தப்பட்டது. இந்தோனேசியாவின் மர்சூகி தருஸ்மன் தலைமையில் தென்னாபிரிக்காவின் யஸ்மின் சூக்காவும் அமெரிக்காவின் ஸ்டீவன் ரட்னரும் அதில் அங்கம் வகித்தனர். இறுதிப் போரில் அரசாங்கத் தரப்பும் விடுதலைப் புலிகளும் பாரதூரமான மீறல்களைப் புரிந்தமைக்கான ‘கிரெடிபிள்’ குற்றச்சாட்டுகள் உள்ளன என்றும், அவை எண்பிக்கப்படின் அவற்றிற் சில போர்க்குற்றங்களாகவும் மனிதகுலத்துக்கு எதிரான குற்றங்களாகவும் அமையும் என்றும் அக்குழு கூறியது. அச்சொல்லைத் தாம் எப்பொருளில் ஆள்கிறோம் என்பதையும் அக்குழுவினர் மறைக்கவில்லை. சம்பவம் நிகழ்ந்தது என்று நம்புவதற்கு நியாயமான அடிப்படை இருப்பின் குற்றச்சாட்டு நம்பத்தக்கது எனத் தீர்மானித்ததாக அவ்வறிக்கையே விளக்குகிறது. உண்மைகளைக் கண்டறியும் விசாரணைக்கான ஆணை தமக்கு வழங்கப்படவில்லை என்றும் அது தெளிவாகக் கூறுகிறது.

அன்றைய நாட்களில் தமிழ் ஊடகப் பரப்பில் பலர் இதனை ‘போர்க்குற்றம் உறுதி’ என்றே எழுதினர். ‘எண்பிக்கப்படின்’ என்ற நிபந்தனைச் சொல் தலைப்புகளில் இடம் போதாமையால் உதிர்ந்து போயிற்று. செய்தி மேசையில் இருந்தவர்களுக்கு அதன் காரணம் தெரியும். நான்கு பத்தித் தலைப்பில் நிபந்தனைகளுக்கு இடமில்லை. அதே அறிக்கையில், பொதுமக்கள் இறப்பு 40,000 வரையிலும் இருந்திருக்கலாம் என நம்பத்தக்க மூலங்கள் சில மதிப்பிட்டுள்ளன என்று கூறப்பட்டிருந்தது. சரியான எண்ணிக்கையை முறையான விசாரணையே தரமுடியும் என்றும் உடன் சேர்த்தே சொல்லப்பட்டிருந்தது. ‘இருந்திருக்கலாம்’ என்பதும் ‘வரையிலும்’ என்பதும் காலப்போக்கில் மறைந்து எண் மாத்திரமே எஞ்சியது. பாதிக்கப்பட்ட மக்களின் துயரம் அந்த எண்ணைவிடப் பெரியதா சிறியதா என்பதல்ல இங்கு விடயம். எதிர்த்தரப்பு பிடித்துக்கொள்வதற்கு ஒரு நூல் முனையை நாமே கொடுத்தோம் என்பதே விடயம்.

மறுபுறத்தில் கொழும்பு என்ன செய்தது? அறிக்கை வெளிவருமுன்னரே, அது அடிப்படையிற் குறைபாடுடையது, சரிபார்க்கப்படாத பக்கச்சார்பான தகவல்களின் மீது எழுப்பப்பட்டது என வெளிவிவகார அமைச்சு நிராகரித்தது. குற்றச்சாட்டுத்தானே, தீர்ப்பல்லவே என்பது அரச தரப்புப் பேச்சாளர்களின் பல்லவியாயிற்று. தீர்ப்பல்ல என்பது சரி. ஆயினும் ‘வெறும் குற்றச்சாட்டு’ என்பதற்கும் ‘நம்புவதற்கு நியாயமான அடிப்படையுள்ள குற்றச்சாட்டு’ என்பதற்கும் இடையிலுள்ள தூரம் சிறியதன்று. முன்னையதை ஓர் அரசு புறக்கணிக்கலாம். பின்னையது விசாரிக்கும் கடமையை அவ்வரசின் மீது சுமத்துகிறது. சர்வதேச நடைமுறையில் அச்சொல்லுக்கு உள்ள வேலையே அதுதான். தமிழ்த் தரப்பு அதனைத் தீர்ப்பாக உயர்த்தியது, அரச தரப்பு அதனை வதந்தியாகத் தாழ்த்தியது. கடமையை எழுப்பும் சொல் என்ற அதன் உண்மையான இடம் இரு தரப்பினராலும் காலியாகவே விடப்பட்டது.

அவ்விடத்துக்கு மேலே வேறு படிகள் உண்டு. ஐ.நா. மனித உரிமைகள் பேரவை 2014 மார்ச்சில் நிறைவேற்றிய 25/1 இலக்கத் தீர்மானத்தின் வழியாக உயர்ஸ்தானிகர் அலுவலகம் மேற்கொண்ட விசாரணையின் அறிக்கை 2015 செப்டெம்பர் 16ஆம் திகதி வெளியிடப்பட்டது. அது கையாண்ட அளவுகோல் ‘நம்புவதற்கு நியாயமான ஏதுக்கள்’ என்பதாகும். சாதாரண விவேகமுள்ள ஒருவர் தகவல்களைப் பார்த்து, இது நிகழ்ந்துள்ளது என முடிவு செய்யக்கூடிய நிலை அது. குற்றவியல் வழக்கொன்றில் வேண்டப்படும் தரத்தினும் தாழ்ந்தது என்பதை அறிக்கையே ஒப்புக்கொண்டது. குற்றவியல் நீதிமன்றத்தில் நியாயமான ஐயத்துக்கு அப்பால் எண்பித்தல் வேண்டும். நமது 1895ஆம் ஆண்டின் சாட்சிக் கட்டளைச் சட்டம் எண்பித்தலுக்குத் தரும் வரைவிலக்கணமும் சுவையானது. ஒன்று, நீதிமன்றம் அதனை நம்புதல் வேண்டும். அன்றேல், விவேகமுள்ள மனிதன் ஒருவன் அது உள்ளதெனக் கொண்டு செயற்படத் தக்க அளவுக்கு அது நிகழக்கூடியதாகத் தோன்றுதல் வேண்டும். நமது நீதிமன்றங்களில் ஆளப்பட்டு வரும் ‘எண்பித்தல்’ என்ற அழகிய சொல்லைச் செய்தித்தாள்கள் ஏன் ‘நிரூபித்தல்’ என்பதற்குக் கைவிட்டன என்பது வேறு கதை.

இச்சொல்லின் பாரம் பற்றிய குழப்பம் நமக்கு மாத்திரம் உரியதன்று. கனடாவின் பிரிட்டிஷ் கொலம்பியா மாகாணத்தில் 2023 ஜூன் 18ஆம் திகதி சீக்கியத் தலைவர் ஹர்தீப் சிங் நிஜ்ஜார் கொல்லப்பட்டார். அவ்வாண்டு செப்டெம்பரில் பிரதமராக இருந்த ஜஸ்டின் ட்ரூடோ, இந்திய அரசின் முகவர்களுக்கும் அக்கொலைக்கும் தொடர்பிருக்கக்கூடும் என்ற ‘கிரெடிபிள்’ குற்றச்சாட்டுகளைத் தமது புலனாய்வுத் துறை ஆராய்ந்து வருவதாக நாடாளுமன்றத்தில் அறிவித்தார். இரு நாடுகளின் உறவு முறிந்தது. 2024 ஒக்டோபரில் விசாரணை ஆணைக்குழு ஒன்றின் முன் சாட்சியமளித்த அவர், அந்த வேளையில் தம்மிடம் இருந்தது புலனாய்வுத் தகவலேயன்றி உறுதியான சான்று அல்ல என ஏற்றுக்கொண்டார். புதுடில்லி அதனைத் தனது வாதத்துக்குக் கிடைத்த வெற்றியாகக் கொண்டாடியது. அவர் முதல் நாள் சொன்ன சொல்லைச் சரியாக வாசித்திருந்தால் அந்த ஒப்புதலில் புதிதாக ஏதுமில்லை என்பது விளங்கியிருக்கும்.

இதனினும் பெரிய குழப்பம் ஹேக் நகரிலுள்ள சர்வதேச நீதிமன்றத்தின் கட்டளை ஒன்றினால் உண்டாயிற்று. இங்கு சொல் ‘பிளோசிபிள்’. இலத்தீனில் கைதட்டுதலைக் குறிக்கும் வேரிலிருந்து வந்தது. முற்காலத்தில் கைதட்டலுக்கு உரியது என்றே பொருள்பட்டது. பின்னர் கேட்பதற்குப் பொருத்தமாகத் தோன்றுவது என்ற நிலைக்கு வந்தது. இனிக்கப் பேசி ஏமாற்றுபவனையும் ஆங்கிலேயர் இச்சொல்லாலேயே அடைமொழியிட்டு அழைப்பதுண்டு. அவ்வாறான வரலாறுள்ள சொல்லைத்தான் உலக நீதிமன்றம், பெல்ஜியத்துக்கும் செனகலுக்கும் இடையிலான வழக்கில் 2009 மே 28ஆம் திகதி வழங்கிய கட்டளையில், இடைக்கால ஏற்பாடுகளுக்கான நிபந்தனையாக வெளிப்படையாக அமைத்தது. கோரப்படும் உரிமைகள் ஏற்கத்தக்கனவாக இருத்தல் வேண்டும் என்பதே அந்நிபந்தனை.

காஸா தொடர்பில் இஸ்ரேலுக்கு எதிராகத் தென்னாபிரிக்கா தொடுத்த வழக்கில் 2024 ஜனவரி 26ஆம் திகதி நீதிமன்றம் இதே சொல்லை ஆண்டது. தென்னாபிரிக்கா கோரும் உரிமைகளிற் சிலவாவது ‘பிளோசிபிள்’ எனக் கூறிற்று. அடுத்த நாள் உலகெங்கும் ‘இனப்படுகொலை நிகழ்வது நம்பத்தகுந்தது என நீதிமன்றம் தீர்ப்பு’ எனச் செய்தி பரவியது. தமிழிலும் அவ்வாறே. கட்டளை வழங்கப்பட்டபோது நீதிமன்றத்தின் தலைவராயிருந்த ஜோன் டொனஹியூ, ஓய்வு பெற்ற பின்னர் 2024 ஏப்ரலில் பி.பி.சி.க்கு வழங்கிய நேர்காணலில் இதனை மறுத்துரைத்தார். இனப்படுகொலையிலிருந்து பாதுகாக்கப்படும் உரிமை பலஸ்தீனர்களுக்கு உண்டென்பது ஏற்கத்தக்கது என்றே நீதிமன்றம் கூறியது. இனப்படுகொலை நிகழ்கிறது என்ற குற்றச்சாட்டு ஏற்கத்தக்கது என்று கூறவில்லை என்பதே அவரது விளக்கம். ஆயினும் அக்கட்டளை களத்து உண்மைகளையும் எடுத்து நோக்கியது. ஈடுசெய்ய முடியாத தீங்கு நேரும் மெய்யான, உடனடியான ஆபத்து உள்ளதெனவும் கண்டது. ஆகவே அச்சொல் உரிமையோடு மாத்திரம் நிற்கிறதா, உண்மைகளையும் தொடுகிறதா என்பதிற் சட்ட அறிஞர்கள் இன்றும் ஒருமித்து நிற்கவில்லை. எழுதியவர்களே பொருள் பிரிந்து நிற்கும் ஒரு சொல்லை மொழிபெயர்ப்பாளன் ஒரு மணித்தியாலத்தில் தீர்க்கவேண்டியிருப்பது இத்தொழிலின் விதி.

ஜெனீவாவில் ‘கிரெடிபிள்’ என்ற சொல்லுக்கு வேறொரு வாழ்வும் உண்டு. 2012 மார்ச்சில் நிறைவேறிய 19/2 தீர்மானம் முதற்கொண்டு, நம்பகமானதும் சுயாதீனமானதுமான நடவடிக்கைகளை எடுக்குமாறு இலங்கை கேட்கப்பட்டு வந்தது. 2015 ஒக்டோபர் 1ஆம் திகதி இலங்கையின் இணை அனுசரணையுடன் வாக்கெடுப்பின்றி நிறைவேறிய 30/1 தீர்மானம், நம்பகமான நீதிச் செயன்முறையில் நேர்மைக்கும் பக்கச்சார்பின்மைக்கும் பெயர்பெற்றவர்கள் தலைமை தாங்கும் சுயாதீனமான நிறுவனங்கள் இடம்பெறல் வேண்டும் என்றது. பொதுநலவாய நாடுகளினதும் ஏனைய நாடுகளினதும் நீதிபதிகளும் வழக்குத்தொடுநர்களும் பங்குபற்றுவதன் முக்கியத்துவத்தையும் அது வலியுறுத்தியது.

இங்கு பொருள் மாறிவிட்டதைக் கவனிக்க வேண்டும். ஒரு கூற்று நம்பத்தக்கதா என்பது கேள்வியன்று. ஒரு நிறுவனத்தின் மீது நம்பிக்கை வைக்கலாமா என்பதே கேள்வி. அப்படியாயின் யாருடைய நம்பிக்கை? உறவுகளைத் தேடி வீதியோரக் கொட்டகைகளில் ஆண்டுக்கணக்கில் அமர்ந்திருக்கும் தாய்மாருடையதா, ஜெனீவாவில் அமர்ந்திருக்கும் இராஜதந்திரிகளுடையதா? ஆங்கிலச் சொல் இதனைச் சொல்லாமலே விட்டுவிடும் வசதியைத் தருகிறது. தமிழில் ‘நம்பகரமான பொறிமுறை’ என்று எழுதும்போது யாருக்கு என்ற நான்காம் வேற்றுமையைச் சேர்த்து எழுதினால் அரைவாசிக் குழப்பம் தீரும். 2020 பெப்ரவரியில் இலங்கை அந்த இணை அனுசரணையிலிருந்து விலகியது. 2021, 2022, 2024 எனத் தீர்மானங்கள் தொடர்ந்தன. 2025 ஒக்டோபரில் 60/1 வாக்கெடுப்பின்றி நிறைவேறியது. அரசாங்கங்கள் மாறியபோதும், உள்நாட்டுப் பொறிமுறையே போதுமானது என்ற கொழும்பின் பதிலும், அது நம்பகமானதன்று என்ற பாதிக்கப்பட்டோரின் பதிலும் மாறவில்லை.

இவை யாவும் அரசுகளின் சங்கதி. ஆனால் இந்தச் சொற்கள் தனி மனிதனின் தலைவிதியை நிர்ணயிக்கும் இடம் ஒன்று உண்டு. அது புகலிடக் கோரிக்கை. அந்தத் துறையில் ஆங்கிலச் சட்டம் நம்பத்தக்கமை பற்றிக் கொண்டுள்ள கோட்பாடுகளில் கணிசமான பங்கு நம்மவர்களின் வழக்குகளிலேயே உருவானது என்பதைப் பலர் அறியார்.

1987 டிசெம்பரில் பிரித்தானியப் பிரபுக்கள் சபை ஆறு தமிழ் இளைஞர்களின் வழக்கில் தீர்ப்பளித்தது. சிவகுமாரன் வழக்கு எனச் சட்ட நூல்களில் அது வழங்கப்படுகிறது. அஞ்சுகிறவனின் மனத்தில் அச்சம் இருந்தால் மட்டும் போதாது. திருப்பி அனுப்பப்பட்டால் துன்புறுத்தப்படுவான் என்பதற்கு ‘நியாயமான அளவு வாய்ப்பு’ இருத்தல் வேண்டும் என்று பிரபுக்கள் கூறினர். பாதிக்கு மேற்பட்ட வாய்ப்பு என்று அவர்கள் கேட்கவில்லை. அதனினும் தாழ்ந்த படியே போதுமென்றனர். கோட்பாடு அகதிக்குச் சாதகமானது. ஆனால் அந்த அறுவருக்கும் அதனால் பயன் கிடைக்கவில்லை; வழக்கில் அவர்கள் தோற்றனர். அவர்களுள் ஐவர் 1988 பெப்ரவரியில் இலங்கைக்குத் திருப்பி அனுப்பப்பட்டனர். 1989இல் பிரித்தானிய மேன்முறையீட்டு அதிகாரி அவர்களுக்குப் புகலிடம் வழங்கியிருக்க வேண்டும் எனத் தீர்ப்பளித்ததையடுத்து அவர்கள் மீண்டும் அழைக்கப்பட்டனர். 1991 ஒக்டோபரில் ஸ்ட்ராஸ்பேர்க் மனித உரிமைகள் நீதிமன்றமோ, துன்புறுத்தப்படக்கூடிய வெறும் சாத்தியம் போதாது எனக்கூறி அவர்களைத் திருப்பி அனுப்பியமை மீறலன்று எனத் தீர்த்தது. ஒரே மனிதர்கள், ஒரே சம்பவங்கள். ‘வாய்ப்பு’ என்றும் ‘சாத்தியம்’ என்றும் ‘ஆபத்து’ என்றும் மூன்று மேசைகளில் மூன்று விதமாக நிறுக்கப்பட்டனர்.

2000 ஜனவரியில் மேன்முறையீட்டு நீதிமன்றம் தீர்த்த கருணாகரன் வழக்கும் இலங்கைத் தமிழர் ஒருவருடையதே. கோரிக்கையாளர் சொல்வதில் ஒவ்வொரு சம்பவத்தையும் தனித்தனியே எடுத்து, பாதிக்கு மேல் நம்பக்கூடியதா என அளந்து, குறைந்தவற்றைக் கழித்தெறிந்துவிட்டு மிஞ்சியதை மட்டும் வைத்துத் தீர்ப்பளித்தல் தகாது. நிகழவேயில்லை என்பதில் உண்மையான ஐயமற்றிருந்தாலன்றி எதனையும் தள்ளிவைக்கலாகாது. யாவற்றையும் ஒருசேர வைத்து நோக்குதல் வேண்டும் என்று நீதிபதிகள் கூறினர். பின்னர் 2006இல் சியராலியோன் நாட்டவர் ஒருவரின் வழக்கில் அதே நீதிமன்றம் இன்னொரு எச்சரிக்கையைச் சேர்த்தது. லண்டனில் இருப்பவருக்கு ஒரு கதை நிகழக்கூடியதாகத் தோன்றாமை, அக்கதை பொய் என்பதற்குச் சான்றாகாது. பொது அறிவு என்பதும் ஊருக்கு ஊர் வேறுபடும் அல்லவா?

எனினும் இவற்றுள் மனத்தை மிகவும் உறுத்துவது கே.வி. என்ற எழுத்துகளால் மாத்திரம் அறியப்படும் ஒருவரின் வழக்கு. விடுதலைப் புலிகளுக்காக நகைகளை உருக்கும் வேலையில் இருந்ததாகவும், அதன் காரணமாக அரச படையினரால் தடுத்து வைக்கப்பட்டுச் சூடு போடப்பட்டதாகவும் அவர் கூறினார். முதுகிலும் கையிலும் தழும்புகள் இருந்தன. அவை சூட்டுத் தழும்புகளே என்பதில் எவருக்கும் ஐயமில்லை. கேள்வி வேறு. சித்திரவதையால் ஏற்பட்டவையா, அல்லது புகலிடம் பெறும் பொருட்டுத் தாமே இன்னொருவரைக் கொண்டு போடுவித்துக்கொண்டவையா?

மருத்துவர்கள் இத்தகைய அறிக்கைகளை எழுதுவதற்கு 1999ஆம் ஆண்டின் ‘இஸ்தான்புல் நெறிமுறை’ ஐந்து படிகளை வகுத்துள்ளது. காயம் கூற்றோடு பொருந்தாதது; பொருந்துவது, ஆயினும் வேறு காரணங்கள் பல இருக்கலாம்; மிகவும் பொருந்துவது, வேறு காரணங்கள் சிலவே; அத்தகைய கொடுமைக்கு வழக்கமாகக் காணப்படுவது; வேறெவ்விதத்திலும் ஏற்பட்டிருக்க முடியாதது. நம்பத்தக்கமை பற்றிய சொற்களை இவ்வளவு துல்லியமாகப் படிப்படுத்திய வேறு ஆவணத்தை இக்கட்டுரையாளர் அறியார். மருத்துவர் தழும்பின் தோற்றத்தைப் பற்றி மட்டும் பேசலாமா, கோரிக்கையாளர் கூறும் முழு நிகழ்வோடும் அது பொருந்துகிறதா என்றும் கூறலாமா என்பதில் வழக்கு சிக்கிக்கொண்டது. கீழ்த் தீர்ப்பாயம் 2014இலும், மேன்முறையீட்டு நீதிமன்றத்தின் பெரும்பான்மை நீதிபதிகள் 2017இலும் அவருக்கு எதிராகத் தீர்த்தனர். 2019 மார்ச் 6ஆம் திகதி பிரித்தானிய உயர் நீதிமன்றம் அத்தீர்ப்பை மாற்றியது. மருத்துவர் முழு நிகழ்வையும் கருத்திற் கொள்ளலாம். தன் உடலைத் தானே சுடுவித்துக்கொள்வது மனிதன் எளிதிற் கடக்கும் எல்லையன்று என்பதையும் நினைவிற் கொள்ளவேண்டும் என்று கூறி, வழக்கை மீள்விசாரணைக்கு அனுப்பியது.

அட்லாண்டிக் சமுத்திரத்தின் மறு கரையில் இதே சொல் இன்னும் விநோதமாக நடந்துகொண்டது. மெக்சிக்கோ எல்லையைக் கடந்து சில யார் தூரத்தில், 2017 ஜனவரியில் இலங்கைத் தமிழர் ஒருவர் கைது செய்யப்பட்டார். தாம் ஒருமுறை கடத்திச் செல்லப்பட்டுக் கடுமையாகத் தாக்கப்பட்டதாக அவர் கூறினார். கடத்தியவர்கள் யார், ஏன் தாக்கினர் என்பது தமக்குத் தெரியாது என்றார். அமெரிக்கச் சட்டத்தின்படி அவர் முதலில் ‘கிரெடிபிள் அச்சம்’ உண்டெனக் காட்டுதல் வேண்டும். விசாரித்த அதிகாரி அவர் சொன்ன சம்பவத்தை நம்பினார். நம்பிய பின்னரும் ‘கிரெடிபிள்’ அச்சம் இல்லை என்று எழுதினார். ஏனெனில் அந்தச் சட்டத்தில் அச்சொல் நம்பத்தக்கது எனப் பொருள்படுவதில்லை; புகலிடத்துக்குத் தகுதியை நிலைநாட்டக் குறிப்பிடத்தக்க வாய்ப்பு உண்டு என்பதே அதன் வரைவிலக்கணம். இனம், அரசியற் கருத்து போன்ற காரணங்களால் தாக்கப்பட்டார் என்பது காட்டப்படவில்லை என்பதே அதிகாரியின் முடிவு. வானில் வந்து ஏற்றிச் சென்றவர்கள் பெயரட்டை தந்துவிட்டுப் போவதில்லை என்பது இந்நாட்டில் வாழ்ந்தவர்களுக்குத் தெரியும். அமெரிக்க உயர் நீதிமன்றம் 2020 ஜூன் 25ஆம் திகதி, அந்த முடிவை நீதிமன்றங்களில் மேலும் கேள்விக்குட்படுத்த அவருக்கு உரிமையில்லை என இருவருக்கு எதிராக எழுவரின் கருத்தாகத் தீர்த்தது.

பிரித்தானியாவிலும் நிலைமை பின்னர் மாறியது. 2022ஆம் ஆண்டின் தேசியத்துவம் மற்றும் எல்லைகள் சட்டத்தின் 32ஆம் பிரிவு, அவ்வாண்டு ஜூன் 28ஆம் திகதியும் அதன் பின்னரும் செய்யப்பட்ட கோரிக்கைகளுக்குப் புதிய அளவுகோலைக் கொண்டுவந்தது. கோரிக்கையாளர் தாம் கூறும் காரணத்துக்காக உண்மையில் அஞ்சுகிறார் என்பதை முதலில் பாதிக்கு மேற்பட்ட நிகழ்தகவுடன் காட்டுதல் வேண்டும். அதனைக் கடந்த பின்னரே, திரும்பினால் நேரக்கூடியது பற்றிய பழைய ‘நியாயமான அளவு வாய்ப்பு’ என்ற தாழ்ந்த படி வரும். முப்பத்தைந்து ஆண்டுகளாக நம்மவர் வழக்குகளினூடாக வளர்ந்த கோட்பாட்டின் முன்னே இவ்வாறு ஒரு புதிய கதவு பூட்டப்பட்டது.

நிராகரிப்புக் கடிதம் கையிற் கிடைத்தவர்கள் பெரும்பாலும் அதனை ஒரே விதமாகவே விளங்கிக்கொள்கின்றனர். ‘என்னைப் பொய்யன் என்று எழுதிவிட்டார்கள்’ என்று தொலைபேசியில் ஊருக்குச் சொல்லி அழுத குரல்களைக் கேட்டிராத குடும்பம் வடக்கிலும் கிழக்கிலும் குறைவு. கடிதத்தில் அப்படி எழுதப்பட்டிருக்கவும் கூடும். ஆனால் கூற்று முன்பின் முரண்படுகிறது என்பது ஒன்று. அந்நாட்டு நிலைமைக்குப் பொருந்தவில்லை என்பது இன்னொன்று. கூற்று ஏற்கப்படுகிறது, ஆயினும் இனி ஆபத்தில்லை என்பது முற்றிலும் வேறானது. முதலாவதற்கு நேர்காணற் குறிப்பையும் மொழிபெயர்ப்பாளர் செய்த பிழைகளையும் தேடவேண்டும். இரண்டாவதற்கு நாட்டு நிலைமை பற்றிய ஆவணங்கள் வேண்டும். மூன்றாவதற்கு மருத்துவ அறிக்கையால் அதிக பயனில்லை. மேன்முறையீட்டுக்கு வழங்கப்படும் நாட்கள் சிலவே. சட்டத்தரணியிடம் செல்லுமுன், கடிதத்தின் எந்தப் பந்தியில் எந்தச் சொல் நிற்கிறது என்பதை ஆங்கிலம் அறிந்த ஒருவரைக் கொண்டு வரி வரியாக வாசிப்பித்து அறிந்துகொள்ளல் வேண்டும்.